எக்ஸ்பிரஸ் அடிக்க மறுத்த இரண்டு அடி

எங்கள் எக்ஸ்பிரஸ்ஸைப் போலச் சொன்ன சொல்லைக் கேட்டு நடக்கிற பெண் ஜொகூர் மாநிலத்தில் அவளுக்கு முன்பு பிறந்ததில்லை. பின்பு பிறந்ததாகவும் எனக்குத் தகவல் இல்லை. கேட்க நல்ல குணமாகத்தான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு வருடம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட வியாதி என்று தெரியும்.

ஒரு நாள் வகுப்பாசிரியை எங்கள் கூச்சல் தாங்காமல், "நான் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கக்கூடாது!" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார். போனவருக்கு வயிற்று வலி வந்து, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். மணி அடித்தது. நாங்கள் கத்திக்கொண்டே வெளியே ஓடினோம். எக்ஸ்பிரஸ் மட்டும் உதட்டை இறுக்கி மூடியபடி பஸ் ஏறினாள். வீட்டில் அவள் அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது? பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று அவள் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை ஆசிரியை வகுப்புக்குள் நுழைந்ததும் எக்ஸ்பிரஸ் எழுந்து நின்று வாயைத் திறந்தாள். "டீச்சர், பசிக்குது."

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைப் பதிவேட்டைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை என்பதால் நானும் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. குளுவாங்குக்கு வெளியே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கிற ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். நானும் அவளும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாயில் தேறாமல் போனவர்கள். எங்களைப் போன்றவர்களை இடைநிலைப்பள்ளியில் முதலில் ஓராண்டு உட்கார வைத்து மலாய் சொல்லிக் கொடுப்பார்கள். புகுமுக வகுப்பு என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குள் இருந்தும் பள்ளிக்கூடத்தைச் சேராதவர்கள் நாங்கள். மற்றவர்கள் எங்களைக் கடந்து போவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் சீருடை இயக்கம் எல்லோருக்கும் கட்டாயம். பெயர் கொடுக்கிற நாளில் எனக்குக் காய்ச்சல். மறுநாள் போனபோது முதலுதவிக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள், சாரணியரும் நிறைந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கடேட் பேண்டு வாத்தியக் குழு. எனக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் வீட்டில் இருந்த சமையல் கேஸ் சிலிண்டர். அதைத் தட்டிப் பார்த்தால் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று சொல்லத் தெரியும். எக்ஸ்பிரஸ் சேர்ந்த விதம் இன்னும் எளிமையானது. யாரோ ஓர் ஆசிரியர் அவளிடம், "சும்மா நிக்காத, அந்த வரிசையில போய் நில்லு" என்றிருக்கிறார். அவள் போய் நின்றாள். அது பேண்டு வரிசை.

பேண்டைப் பார்த்துக்கொண்டவர் பூகோளம் சொல்லிக் கொடுத்த சார். எங்களுக்கு அவர் பேண்டு சார். புதிதாக வந்தவர்களைச் சுவரோரம் நிற்க வைத்து, பல்லைக் காட்டச் சொன்னார். முன்பல் நேராக இருந்தால் ட்ரம்பெட். விரல் நீளமாக இருந்தால் கிளாரினெட். சறுக்குப் பலகையில் விழுந்து எனக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. விரல்களை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "நீட்டும்மா" என்றார் மறுபடியும். "நீட்டிட்டேன் சார்" என்றேன். பெருமூச்சு விட்டு, "சிம்பல்" என்று எழுதிக்கொண்டார்.

பெரிய ட்ரம்மைச் சுமந்த மாணவன் குடும்பத்தோடு பத்து பாகாட் என்ற ஊருக்கு மாறிப் போயிருந்தான். "இதை யாரால தூக்க முடியும்?" என்று சார் பொதுவாகத்தான் கேட்டார். வரிசையில் எல்லாரையும்விடக் குள்ளமாக இருந்த எக்ஸ்பிரஸ் போய்த் தூக்கிவிட்டாள். வீட்டில் இரட்டைத் தம்பிகளை ஆளுக்கொரு இடுப்பில் தூக்கிப் பழகியவள். வாரை மாட்டிக்கொண்டு நின்றபோது அவள் காணாமல் போய்விட்டாள். ட்ரம் இருந்தது, ட்ரம்முக்குக் கீழே இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள் இருந்தன.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். அணிவகுத்து வாசிக்கிற பேண்டில், முன்னால் நீளக் கோலோடு நடக்கிறவன்தான் தலைவன். பாட்டை முடிக்க வேண்டும் என்றால் அவன் கோலை உயர்த்துவான். ஆனால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கோல் தெரியாது. அதனால் பெரிய ட்ரம்காரர் வழக்கமான தாளத்துக்கு நடுவே வேகமாக இரண்டு அடி அடிப்பார். அதைக் கேட்டதும் மொத்தப் பேண்டும் அந்த வரியை முடித்து நிறுத்தும். அந்த இரண்டு அடி விழாதவரை பாட்டு முடியாது; சுற்றிச் சுற்றி முதலிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், எக்ஸ்பிரஸ்ஸுக்குக் கோல் மட்டுமில்லை, வானத்தைத் தவிர எதுவுமே தெரியாது. சார் யோசித்து, அவளுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"சிம்பல், நீ கோலப் பாரு. ஏறுச்சுன்னா 'இப்போ'ன்னு சொல்லு. ட்ரம், அவ 'இப்போ'ன்னு சொன்னா ரெண்டு அடி. அதுவரைக்கும் யார் நின்னாலும் நீ நிக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்" என்றது ட்ரம்.

இரண்டு தட்டுகளை மோதுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். நேருக்கு நேர் மோதினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு 'பொளக்' என்று ஒட்டிக்கொள்ளும். சாய்த்து மோதினால் முழங்கைச் சதையைக் கவ்விப் பிடிக்கும். முதல் மாதம் முழுக்க என் கை ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், என் சத்தத்துக்கு நானே பயந்து ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடிக்கொள்வேன்.

"நீ கண்ண மூடினா எனக்கும் இருட்டு லா" என்றாள் எக்ஸ்பிரஸ்.

அதற்கு அவளே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தாள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் எதிரெதிரே உட்காருவோம். என் கையில் இரண்டு பிளாஸ்டிக் தட்டு. அவள் மீ கோரெங் நூடுல்ஸை நிதானமாக மென்றுகொண்டிருப்பாள். அவள் நான்காவது முறை மெல்லும்போது நான் தட்டை மோத வேண்டும். கண் அவள் தாடையை விட்டு அகலக் கூடாது. கண்ணை மூடினால் அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு தட்டு மீயை முடிக்க முழு இடைவேளையும் போகும். மூன்றாம் வாரம் கடைக்காரப் பெண்மணி தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குள் என் கண் திறந்துவிட்டது.

எக்ஸ்பிரஸ் என்ற பெயர் வந்தது ஜூலை மாதம். சுதந்திர தின அணிவகுப்பில் எங்கள் பேண்டு வாசிக்கப் போகிறது என்பதால் தினமும் மதியம் பயிற்சி. கோல் பிடித்தவன் எங்களைவிட மூன்று வயது மூத்த படிவம் நான்கு மாணவன். உயரத்தைப் பார்த்துக் கொடிக்கம்பம் என்று கூப்பிடுவோம். அன்றைக்கு அடித்த வெயிலில் கொடிக்கம்பம் ஒருமுறை ஆடியது, அப்புறம் சாய்ந்தது. கிளாரினெட்காரர்கள் மேல் விழுந்தான். பாட்டு துண்டு துண்டாக நின்றது. நான் சிம்பலைப் புல்லில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடினேன்.

யாரும் 'இப்போ' சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.

கொடிக்கம்பத்துக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்த பிறகுதான் சார் தலையைத் தூக்கி, "ட்ரம் எங்கே?" என்றார். தூரத்தில் 'டும்... டும்...' என்று கேட்டது. பள்ளி வாசலுக்கு வெளியே.

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா பெரியவர் ஏதோ விழா என்று நினைத்துக் கேட்டைத் திறந்து விட்டதோடு, எழுந்து நின்று மரியாதையும் செய்திருக்கிறார். அவள் சாலையில் இறங்கி, காப்பிக் கடையைத் தாண்டி, டயர் கடையைத் தாண்டி நடந்திருக்கிறாள். கார்கள் பின்னால் வரிசை கட்டின. அந்தச் சாலையின் முடிவில் ரயில் கேட். கேட் மூடியிருந்தது. கேட்டில் ட்ரம் இடித்ததும், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு அடித்தபடி இருந்தாள். தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் ரயில் தடதடவென்று கடந்தது. கேட் திறந்தது. இவளும் மறுபடி புறப்பட்டாள்.

சார் காரில் விரட்டிப் பிடித்தபோது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாள். சார் காரிலிருந்து குதித்து, "நில்லு, நில்லு!" என்று கத்தியிருக்கிறார். "சிம்பல் சொல்லல சார்" என்றபடியே அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். கடைசியில் சார் நடுரோட்டில், இருபது முப்பது பேர் பார்க்க, "இப்போ! இப்போ! இப்போ!" என்று கைகூப்பிய பிறகே இரண்டு அடி விழுந்தது.

ரயில் கேட் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் காத்திருந்த எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் மறுநாள் சொன்னான். "நேத்து ரெண்டு எக்ஸ்பிரஸ் பார்த்தேன். ஒண்ணு தண்டவாளத்துல போச்சு."

அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. சார் அவளைத் திட்டவில்லை. மற்ற எங்களைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார். "சொன்னத கேட்டவ அவ ஒருத்திதான். இனிமே கொடிக்கம்பம் விழுந்தாலும் சரி, வானமே விழுந்தாலும் சரி, ரெண்டு அடி கேட்காம எவனாவது வாயிலருந்து எடுத்தீங்க, திடலச் சுத்தி அஞ்சு ரவுண்டு!" சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று வாரங்களில் எல்லாரும் ஓடி ஓடிப் பழகினோம். அந்தச் சட்டம் தன் தலையிலேயே வந்து விழும் என்று பாவம், அவருக்குத் தெரியாது.

இனி அம்மா கதை.

என் அம்மா சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கேயே மற்றப் பெண்களோடு அறை எடுத்துத் தங்கிக்கொள்வார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருவார். நானும் செம்பனை ஆலையில் வேலை பார்த்த அப்பாவும்தான் வீடு. அம்மா என் விழா எதற்கும் வராமல் இருந்தவர் இல்லை. எல்லாவற்றுக்கும் வந்தார், எல்லாம் முடிந்த பிறகு வந்தார். சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வருகிற பாலத்தில் நெரிசல், பஸ் கிடைக்கவில்லை, மேற்பார்வையாளர் விடவில்லை. தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் நான் மயிலாக ஆடியபோது அம்மா வந்து பார்த்தது, அரிதாரம் கலைத்த மயிலை. விளையாட்டுப் போட்டியில் நான் மூன்றாவதாக வந்தபோது அவர் பார்த்தது மெடலை மட்டும்.

சுதந்திர தினம் நமக்குத்தான் விடுமுறை, சிங்கப்பூருக்கு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தொலைபேசியில் அம்மா சொன்னார். "நைட் ஷிப்ட் முடிச்சு ஒடனே பஸ் ஏறிடுவேன் கண்ணு. உடுப்புகூட மாத்த மாட்டேன். ஒம்பது மணிக்கெல்லாம் அங்க நிப்பேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை, நான் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது அம்மா பார்க்க வேண்டும். முடித்த பிறகு இல்லை, செய்துகொண்டிருக்கும்போது. இதை நான் எக்ஸ்பிரஸ்ஸிடம் மட்டும் சொன்னேன். அவள் ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்ன கலர் சட்டை?"

"நீலம். கழுத்துல பேர் அட்டை போட்டிருப்பாங்க."

"சரி" என்றாள்.

மறுநாள் காலை திடலில் ஊரே கூடியிருந்தது. கூடாரங்கள், கொடிகள், வாளி வாளியாகச் சிவப்பு சர்பத் மாதிரி சிராப் தண்ணீர். மேடையில் சிறப்பு விருந்தினராக, டத்தோ பட்டம் வாங்கிய பெரியவர் ஒருவர். மேடைக்கு எதிரே எங்கள் பேண்டு நின்றபடி வாசிக்கும். பள்ளிகள், இயக்கங்கள், கிளப்புகள் எல்லாம் அந்தத் தாளத்துக்கு நடந்து மேடையைக் கடக்கும். கடைசி அணி போகும்வரை டத்தோ நெற்றியில் கை வைத்து மரியாதை ஏற்பார். பாட்டு நின்றால் கையை இறக்குவார். இதுதான் ஏற்பாடு.

ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். நான் ஒரு கண்ணால் கோலையும் மறு கண்ணால் திடலின் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பஸ் நிலையத்தில் மோட்டாரோடு காத்திருந்தார். அம்மா இறங்கினால் நேராக இங்கே. வாசலில் பலூன் விற்கிறவர் தெரிந்தார். அம்மாவைக் காணவில்லை. அணிகள் கடந்தன. தீயணைப்பு வண்டி கடந்தது. கடைசியாக மூத்த குடிமக்கள் உடற்பயிற்சிக் கழகம் மஞ்சள் சட்டையில் கையசைத்துக்கொண்டே கடந்தது. கொடிக்கம்பம் கோலை உயர்த்தினான்.

வாசலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். "இப்போ" என்றேன்.

டும். டும். டும். டும். வழக்கமான தாளம். இரண்டு அடி விழவில்லை.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். "இப்போ!"

"உங்கம்மா வந்துட்டாங்களா?" என்றது ட்ரம்.

"இன்னும் இல்ல."

டும். டும். டும். டும்.

பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. கொடிக்கம்பம் கோலை இறக்கி, கண்ணைச் சிமிட்டி, மறுபடி உயர்த்தினான். பேண்டில் ஒருவரும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஐந்து ரவுண்டு ஓடிய கால்கள் எதையும் மறப்பதில்லை. டத்தோ நெற்றியில் கையோடு நின்றார்.

"என்னலா பண்ற? அடி லா!" என்றேன்.

"வாசலப் பாரு" என்றாள்.

மூன்றாவது முறை பாட்டு ஆரம்பித்தபோது, அணிகளை அனுப்பிக்கொண்டிருந்த அதிகாரி குழம்பிப்போனார். பாட்டு ஓடுகிறது, டத்தோ கையை இறக்கவில்லை, அப்படியென்றால் இரண்டாவது சுற்று இருக்கிறது போலும். முதல் அணியை மறுபடி அனுப்பிவிட்டார். ஒலிபெருக்கியில் பேசியவரும் பக்கத்தைத் திருப்பி, அதே வரவேற்பை அதே உற்சாகத்தோடு மறுபடி வாசித்தார். மூத்த குடிமக்கள் சிராப் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

பேண்டு சார் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். விழா நடுவில் கத்த முடியாது. "ரெண்டு அடி... ரெண்டு அடி..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். ரயில் கேட்டில் கைகூப்பியதுபோல் "இப்போ, இப்போ" என்றும் சொல்லிப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் கேட்டாள். கேட்டுவிட்டு, செய்யவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் சொல்லைத் தட்டாத பெண், சார் சொல்லையும் கொடிக்கம்பத்தின் கோலையும் என் 'இப்போ'வையும் சேர்த்துத் தட்டினாள்.

"வந்துட்டாங்களா?" டும்.

"இல்ல." டும்.

"நல்லா பாரு." டும்.

"பார்த்துட்டேன் லா." டும்.

வாசலில் பலூன்காரர் மட்டும்தான். ட்ரம்பெட் பையன்களின் உதடு வீங்கிவிட்டது. புல்லாங்குழல் வாசித்த சீனப் பெண்ணின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. டத்தோவுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் இருந்த கை நடுங்கத் தொடங்கியது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா வர மாட்டார். எப்போதும்போல் முடிந்த பிறகுதான் வருவார். அதற்காக இத்தனை பேரை எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும்?

"வந்துட்டாங்க" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமா."

இரண்டு அடி விழுந்தது. பாட்டு முடிந்தது. டத்தோவின் கையை யாரோ பிடித்து இறக்கிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் எட்டு நிமிடம் இருக்கும். ஊரில் கேட்டால் அரை மணி நேரம் என்பார்கள்.

விழா முடிந்ததும் சார் எங்களைத் திடலோரம் இருந்த மழைமரத்து நிழலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இனிமே நீ ட்ரம்மத் தொடக்கூடாது" என்று எக்ஸ்பிரஸ்ஸிடம் சொன்னார். அவள் வாரைக் கழற்றி, ட்ரம்மைப் புல்லில் மெதுவாகச் சாய்த்து வைத்தாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"எங்க நிக்கிறாங்க?"

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"பொய் சொன்னியா?"

"டத்தோ கை நடுங்குச்சு லா. பாவம்."

"அவர் கைய ஏன் பார்த்த? வாசலப் பாருன்னுதானே சொன்னேன்" என்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கோபம் முடிவதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாத்தியங்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பாவின் மோட்டார் திடலுக்குள் வந்தது. பின்னால் அம்மா. நீலச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடாரம் ஒன்று பாதி சரிந்திருந்தது. அம்மா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"பாலத்துல நகரவே இல்ல கண்ணு" என்றார். "முடிஞ்சிருச்சா?"

கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

எக்ஸ்பிரஸ் நேராகச் சாரிடம் போனாள்.

"சார், ட்ரம்ம எடுத்துக்கட்டுமா? கொஞ்ச நேரம்."

"இப்பதானே தொடக்கூடாதுன்னு சொன்னேன்?"

"அவங்க சிங்கப்பூர்லருந்து வந்திருக்காங்க சார். இவ அம்மா."

சார் அம்மாவைப் பார்த்தார். தூங்காத கண்ணையும் கழுத்து அட்டையையும் பார்த்தார். எட்டு நிமிடம் எதற்காக என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். லோரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதையும் பார்க்கல" என்றார்.

"நீங்க பார்க்கலன்னா தொடலாமா சார்?"

"பார்க்கலன்னா என்ன அர்த்தம்?"

"தெரியல சார்."

சார் தலையில் அடித்துக்கொண்டார். "தொட்டுத் தொலை!"

மழைமரத்தடியிலிருந்து மேடைவரை நாங்கள் இரண்டு பேரும் அணிவகுத்தோம். ஒரு பெரிய ட்ரம், ஒரு ஜோடி சிம்பல். பாட்டு இல்லை, ஊதுகிறவர்கள் இல்லை. டும், டும், டும், ஜங். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் நாற்காலியோடு நின்று பார்த்தார்கள். அம்மா மேடைக்குக் கீழே புல்லில் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். நான் கண்ணை மூடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் அவரையே பார்த்தேன்.

மேடைக்கு முன்னால் வந்ததும், "இப்போவா?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"இல்ல" என்றேன்.

திரும்பி இன்னொரு சுற்று வந்தோம். "இப்போவா?"

"இன்னும் இல்ல."

மூன்றாவது சுற்றில் அவள் கேட்கவில்லை. லோரிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் நான் சொன்னேன்.

அம்மா வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். "ரொம்ப அழகா வாசிச்சீங்க. என்ன பாட்டு அது?"

எக்ஸ்பிரஸ்தான் பதில் சொன்னாள். "பாட்டெல்லாம் லோரில ஏறிடுச்சு ஆண்டி. இது மிச்சம்."

மூன்று வாரத்தில் ட்ரம் அவளிடமே திரும்பி வந்தது. தூக்கிப் பார்த்த மற்ற இருவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. டத்தோவும் கோபித்துக்கொள்ளவில்லை என்று கேள்வி. இப்போது எக்ஸ்பிரஸ் லாபிஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறாள். நான் பாலத்தைத் தினமும் தாண்டி வேலைக்குப் போய் வருகிறேன். அம்மா வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். என் பிள்ளைகளின் பள்ளி விழா எதுவென்றாலும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறார். சில நாள் நான்தான் பாலத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாகப் போகிறேன்.

அப்படி நெரிசலில் நிற்கும்போது எனக்கு அன்றைய காலை நினைவு வரும். அம்மா வந்து நின்ற நேரத்தைவிட, அம்மா வராத அந்த எட்டு நிமிடங்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். அந்த எட்டு நிமிடமும் என்னோடு சேர்ந்து ஒருத்தி என் அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.